ராடு போடுவதற்கு முன்னால்: எலும்புக் கட்டிக்கான ஒரு வியாழக்கிழமை கிளினிக்கில் எங்கள் பதினாறு மாதங்கள்

அப்பாவுக்கு வயது 73. அரசுப் பேருந்தில் 31 வருடம் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். 2023 தீபாவளி சமயத்தில் இடது தொடையில் வலி என்று சொல்ல ஆரம்பித்தார். கிளட்ச் மிதித்த கால் அது. அதனால் வீட்டில் எல்லோரிடமும் காரணம் தயாராக இருந்தது. "முப்பது வருஷம் மிதிச்ச காலு, வலிக்காம என்ன பண்ணும்" என்று அம்மாவே சொன்னார். தைலம் தேய்த்தோம், ஒத்தடம் கொடுத்தோம், பிசியோதெரபியில் கரண்ட் வைத்தோம். வலி முட்டி வரைக்கும் இறங்கியதால் முட்டிக்கு எக்ஸ்ரே எடுத்து, முட்டியில் ஒரு ஊசியும் போட்டார்கள். ஐந்து மாதம் ஓடிவிட்டது.

ஒன்றை நான் கவனித்திருக்க வேண்டும். தேய்மான வலி என்றால் நடக்கும்போது வரும், உட்கார்ந்தால் குறையும். அப்பாவுக்கு அப்படி இல்லை. "படுத்தாலும் வலிக்குது கண்ணு" என்பார். இரவு இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தால் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். வேட்டி இடுப்பில் நிற்காமல் பெல்ட் போட ஆரம்பித்திருந்தார். அதையும் பார்த்தேன், ஆனால் சேர்த்து யோசிக்கவில்லை.

2024 சித்திரையில் ஒரு நாள் பாத்ரூமில் கால் மடங்கியது. விழவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டார். பக்கத்து ஊர் நர்சிங் ஹோமுக்குத் தூக்கிப் போனோம். இந்த முறை இடுப்பிலிருந்து எக்ஸ்ரே எடுத்தார்கள். தொடை எலும்பின் மேல்பக்கத்தில், இடுப்பு மூட்டுக்குச் சற்றுக் கீழே, கறையான் அரித்த மரம் மாதிரி ஒரு பள்ளம். "எப்ப வேணும்னாலும் ஒடையும்மா. நாளைக்குக் காலையில ராடு போட்டுடலாம்" என்றார் அங்கிருந்த டாக்டர். 1,20,000 ரூபாய் பேக்கேஜ். எதனால் இப்படி ஆனது என்று கேட்டேன். வயதானால் வரும், ஆபரேஷனில் எடுக்கும் சதையை டெஸ்டுக்கு அனுப்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

ஈரோட்டில் நர்ஸாக இருக்கும் என் சித்தி மகளுக்கு அந்த எக்ஸ்ரேயை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். உடனே போன் வந்தது. "அக்கா, என்ன கட்டின்னு தெரியாம ராடு மட்டும் போட விட்டுடாதே. பெரியப்பாவ நடக்க வைக்காதே, படுக்க வெச்சே கூட்டிட்டு வா." அவள் சொன்ன இடம்தான் நான் இங்கே எழுதப்போகும் கிளினிக்.

ஆஸ்பத்திரியின் பெயரை எழுதவில்லை. அப்பாவுக்கு அங்கே சிகிச்சை இன்னும் நடக்கிறது, குறைகளையும் சேர்த்தே எழுதப்போகிறேன். கோவைப் பக்கம் ஒரு அறக்கட்டளை நடத்துகிற ஆஸ்பத்திரி, வியாழக்கிழமை மட்டும் எலும்புக் கட்டிக்கென்று தனி கிளினிக் என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறேன். எலும்பு சர்ஜன், கதிர்வீச்சு டாக்டர், மருந்து கொடுக்கும் டாக்டர், ஸ்கேன் பார்ப்பவர், திசுவைப் பார்ப்பவர் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு நோயாளியைப் பற்றி முடிவெடுக்கும் ஏற்பாடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி., மும்பை டாடா மெமோரியல் மாதிரி இடங்களிலும் உண்டு. சென்னை ஜி.ஹெச்.சிலும் இந்த நோய்க்குச் சிகிச்சை உண்டு. எங்களுக்குக் கிட்டத்தில் இருந்தது இது.

முதல் நாள். ஆம்னி வேனின் பின்சீட்டை மடக்கி, மெத்தை போட்டுப் படுக்க வைத்துக் கூட்டிப் போனோம். டோக்கன் 22. கிளினிக் முதல் மாடியில். நாங்கள் போன அன்று லிஃப்ட் வேலை செய்யவில்லை. எலும்பு உடையப்போகிற நிலையில் இருப்பவர்கள் வரும் கிளினிக்கை மாடியில் வைத்திருப்பது சரியில்லை. இதை அவர்களுடைய ஆலோசனைப் பெட்டியிலும் எழுதிப் போட்டிருக்கிறேன். இரண்டு அட்டெண்டர்கள் ஸ்ட்ரெச்சரோடு படி ஏறினார்கள். காசு எதுவும் கேட்கவில்லை.

சர்ஜனுக்கு ஐம்பது வயது இருக்கும். எக்ஸ்ரே கவரை வாங்கி மேஜையில் வைத்துவிட்டு முதலில் அப்பாவிடம் பேசினார். "ஐயா, பசி எப்படி இருக்குங்க? எடை குறைஞ்சிருக்கா? யூரின்ல எப்பவாவது ரத்தம் வந்துச்சா? இருமல் உண்டா? பீடி, சிகரெட்?" ஒவ்வொன்றாகக் கேட்டார். கழுத்தைத் தடவித் தைராய்டு பார்த்தார். நெஞ்சு, வயிறு, அக்குள், தொடை இடுக்கு. மறைப்பு இழுத்துவிட்டுப் புராஸ்டேட்டும் பார்த்தார். எனக்குப் புரியவில்லை. தொடை வலி என்று வந்தால் கழுத்தை எதற்குப் பார்க்கிறார்?

நான் கேட்காமலே சொன்னார். சின்ன வயதில் எலும்பில் கெட்ட கட்டி வந்தால் பெரும்பாலும் அந்த எலும்பிலேயே பிறந்ததாக இருக்கும். நாற்பது தாண்டினால் கதை மாறிவிடும். எழுபதில் எலும்பு இப்படி அரித்திருந்தால், வேறு உறுப்பிலிருந்து பரவி வந்ததா என்பதைத்தான் முதலில் தேட வேண்டும். மார்பகம், புராஸ்டேட், நுரையீரல், சிறுநீரகம், தைராய்டு, இந்த ஐந்தும் எலும்புக்கு அதிகமாகப் பரவுகிறவை. அப்படி இல்லையென்றால் எலும்பு மஜ்ஜையில் வரும் மைலோமா என்ற புற்றுநோயாக இருக்கலாம். எலும்பிலேயே பிறந்த புற்றுநோய் இந்த வயதில் அபூர்வம், ஆனால் இல்லாமல் இல்லை. "எதுன்னு தெரியாம கத்தி வெச்சா, சரி பண்ணவே முடியாத தப்பு நடந்துடும்மா" என்றார்.

அப்புறம் ஒரு வெள்ளைத்தாளில் நான்கு கோடு போட்டு மார்க் போட்டார். மிரெல்ஸ் ஸ்கோர் என்று பெயர். கட்டி இருக்கும் இடம், வலி, எலும்பு அரித்திருக்கிறதா அல்லது கெட்டியாகியிருக்கிறதா, எவ்வளவு அகலம் போயிருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் மூன்று வரை மார்க். அப்பாவுக்கு இடத்துக்கு 3, காலை ஊன்றினாலே வலி என்பதால் 3, அரிப்புக்கு 3, அகலத்துக்கு 2. மொத்தம் 11. ஒன்பது வந்தாலே எலும்பு உடைவதற்கு முன்பாக ஆபரேஷன் செய்து தாங்கு கொடுப்பதை யோசிக்க வேண்டுமாம். ஆக நர்சிங் ஹோம் டாக்டர் சொன்னதில் பாதி உண்மை, எலும்பு உடையத்தான் போகிறது. ஆனால் ஒரு வாரம் படுக்கையில் வைத்துக் காப்பாற்றலாம். அந்த ஒரு வாரத்தில் என்ன நோய் என்று கண்டுபிடித்துவிடலாம் என்பது இவர்களுடைய கணக்கு. அன்றே அட்மிஷன். இடது காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்று அப்பாவிடம் மூன்று தடவை சொன்னார்கள்.

அந்தத் தாளை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். அங்கே செலவழித்த அந்த 25 நிமிடத்துக்காக மட்டுமே இந்த ஆஸ்பத்திரிக்கு ஐந்து நட்சத்திரமும் கொடுப்பேன்.

அடுத்த நாள் ரத்த ரிப்போர்ட்டில் ஒரு விஷயம் தெரிந்தது. அப்பாவுக்கு கால்சியம் 12.1. பத்தரைக்குள் இருக்க வேண்டியது. இரண்டு மூன்று வாரமாக அப்பா கொஞ்சம் குழம்பிப் பேசிக்கொண்டிருந்தார். தண்ணீர் குடித்துக்கொண்டே இருப்பார், மலச்சிக்கல் வேறு. கிழமை மறந்துவிடுவார், ஒருமுறை என்னை அத்தை பெயர் சொல்லிக் கூப்பிட்டார். வயதாகிறது என்றுதான் நாங்கள் மனதைத் தேற்றிக்கொண்டோம். எல்லாம் கால்சியம் செய்த வேலை. சலைன் ஏற்றி, சோலெட்ரானிக் ஆசிட் என்ற எலும்பு ஊசி போட்டார்கள். நான்காம் நாள் காலை அப்பா தெளிவாக என்னைப் பார்த்து, "கடைய யாரு பாத்துக்கறா?" என்று கேட்டார். என் தையல் கடையைத்தான். நான் வெளியே போய் அழுதுவிட்டு வந்தேன். பெரியவர்களுக்கு எலும்பு வலியோடு திடீரென்று மறதியும் தாகமும் சேர்ந்து வந்தால் தயவுசெய்து ஒரு கால்சியம் டெஸ்ட் எடுத்துப் பாருங்கள். ஆகும் செலவு சில நூறு ரூபாய்தான்.

நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் சி.டி. ஸ்கேன். தொடைக்கு எம்.ஆர்.ஐ. உடம்பு முழுக்க எலும்புகளைப் பார்க்கும் போன் ஸ்கேன். இதில் டெக்னீசியம் என்ற கதிர்வீச்சு மருந்தை நரம்பில் ஏற்றி, மூன்று மணி நேரம் நிறையத் தண்ணீர் குடிக்க வைத்துப் படம் எடுக்கிறார்கள். அன்று மட்டும் சின்னக் குழந்தைகளைப் பக்கத்தில் விட வேண்டாம் என்றார்கள். சி.டி.க்கு மட்டும் காலை ஆறரைக்கு டோக்கன் வாங்கிப் பதினொன்றே காலுக்குத்தான் உள்ளே விட்டார்கள். வெறும் வயிற்றோடு ஒரு 73 வயதுக்காரர் ஸ்ட்ரெச்சரில் ஐந்து மணி நேரம் கிடந்தார். வயதானவர்களை முதலில் அனுப்பும் ஒரு வரிசை வைக்கலாம்.

சி.டி.யில் வலது சிறுநீரகத்தில் 6 சென்டிமீட்டர் கட்டி. அங்கிருந்துதான் தொடைக்கு வந்திருக்கிறது. போன் ஸ்கேனில் வேறு எந்த எலும்பிலும் இல்லை. ஒரே ஓர் இடம்.

உறுதி செய்யத் தொடையில் ஊசி வைத்து, டெஸ்டுக்குக் கொஞ்சம் சதை எடுக்கும் பயாப்சி செய்தார்கள். அதற்கு முந்தைய இரவு சர்ஜனே வார்டுக்கு வந்து தொடையில் பேனாவால் கோடு போட்டுவிட்டுப் போனார். பிறகு ஆபரேஷனுக்கு எங்கே கீறுவாரோ அந்தக் கோட்டிலேயே ஊசியும் போக வேண்டும், ஊசி போன தடத்தில் நோய் ஒட்டியிருந்தால் அதையும் சேர்த்து எடுத்துவிடலாம் என்று காரணம் சொன்னார். பயாப்சியை யாரோ ஓர் இடத்தில் எடுத்துவிட்டு வரச் சொல்லும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. ஆபரேஷன் செய்யப்போகிறவரைக் கேட்டுவிட்டே ஊசி வைக்க வேண்டும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

இந்த இடத்தில் ஒரு பெரிய குறை. பயாப்சி ரிப்போர்ட்டை டாக்டர் சொல்வதற்கு முன்பாகவே லேப் கவுண்டரில் என் கையில் கொடுத்துவிட்டார்கள். நடைபாதையில் நின்று போனில் ஒவ்வொரு வார்த்தையாகத் தேடிப் படித்தேன். பக்கத்தில் யாரும் இல்லை. டாக்டரைப் பார்க்க அதற்கப்புறம் இரண்டரை மணி நேரம் ஆயிற்று. அந்த இரண்டரை மணி நேரம் யாருக்கும் வரக்கூடாது. ரிப்போர்ட் நேராக டாக்டருக்குப் போகட்டும். இதைச் சொன்னதும் அந்த வார்டு சிஸ்டர் மன்னிப்புக் கேட்டார். ஆனால் வழக்கம் மாறியதா என்றால், போன மாதம் வரை மாறவில்லை.

ரிசல்ட்டுக்குக் காத்திருந்த நாட்களில் வரிசையில் பழக்கமானவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தாராபுரத்திலிருந்து ஓர் அம்மா, 68 வயது, முதுகு வலி என்று வந்தவர். ரத்தத்தில் எம் பேண்ட் என்ற ஒரு புரதம் தெரிந்து மைலோமா என்றார்கள். கத்தியே வைக்கவில்லை. வலிக்கு ஒரே ஒரு நாள் கதிர்வீச்சு, அப்புறம் மருந்து டாக்டரிடம் வாராவாரம் போர்ட்டிசோமிப் ஊசி. இரண்டு மாதம் கழித்துத் தானாக நடந்து வந்து எங்களிடம் முறுக்கு கொடுத்தார். இன்னொருவர் 60 வயது விவசாயி. வேறெங்கோ ஓர் ஊரில், பயாப்சி இல்லாமல் தொடையில் ராடு போட்டுக்கொண்டு வந்தவர். அவருக்கு இருந்தது எலும்பிலேயே பிறந்த காண்ட்ரோசார்கோமா. அந்த நோய் பொதுவாகக் கீமோவுக்கும் கதிர்வீச்சுக்கும் பெரிதாக அசையாது. சுத்தமாக வெட்டி எடுப்பதுதான் மருந்து. ராடு எலும்புக்குள் மேலிருந்து கீழ் வரை போகும்போது நோயையும் கூடவே இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஒரு துண்டு எலும்போடு முடிந்திருக்க வேண்டியது, காலையே எடுக்க வேண்டியதாகிவிட்டது. அவருடைய மகன் என்னிடம் இதைச் சொன்னபோது, சித்தி மகள் அன்று போன் செய்யாமல் இருந்திருந்தால் என்ற நினைப்பில் எனக்குக் கை நடுங்கியது.

அப்பாவுக்கு ராடு போட்டிருந்தால் வேறு மாதிரி ஆபத்து. சிறுநீரகத்திலிருந்து வந்த கட்டியில் ரத்தக் குழாய்கள் அடர்த்தியாக இருக்கும், தொட்டால் கொட்டும் என்றார்கள். அதனால் ஆபரேஷனுக்கு முந்தின நாள், தொடை இடுக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டு, கட்டிக்குப் போகும் ரத்தக் குழாய்களை அடைத்தார்கள். எம்போலைசேஷன் என்று பெயர். அது தெரியாமல் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் டாக்டரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் அப்பாவின் தோளில் கை வைத்தார்.

நோயை அப்பாவிடம் சொல்வதா வேண்டாமா என்று வீட்டில் பெரிய சண்டை. மாமா, பெரியம்மா எல்லோரும் சொல்லக்கூடாது என்றார்கள். டாக்டர் எங்களை வைத்துக்கொண்டே அப்பாவிடம் கேட்டார்: "ஐயா, உங்க உடம்பப் பத்தி எல்லாத்தையும் உங்ககிட்டயே சொல்லட்டுங்களா, இல்ல பிள்ளைங்ககிட்ட பேசிக்கட்டுங்களா?" அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "வண்டியில எது போச்சுன்னு டிரைவருக்குத் தெரியாம எப்படிங்க ஓட்டறது? சொல்லுங்க" என்றார். டாக்டர் படம் வரைந்து சொன்னார். புற்றுநோய் என்ற சொல்லை மறைக்கவில்லை, முழுதாகக் குணமாகும் என்றும் சொல்லவில்லை. வலி இல்லாமல் நடக்க வைப்பது முதல் வேலை என்றார்.

ஒரே இடத்தில்தான் பரவியிருக்கிறது, நெஞ்சும் இதயமும் தாங்கும் என்பதால், அரித்த எலும்பை மொத்தமாக எடுத்துவிட்டு இடுப்பு மூட்டோடு சேர்ந்த உலோக எலும்பு வைப்பதாக முடிவு செய்தார்கள். மெகா பிராஸ்தசிஸ். நம் நாட்டிலேயே செய்தது. எலும்புக் கட்டிக்குக் காலை எடுப்பதே வழக்கமாக இருந்த காலத்தில், சென்னையில் டாக்டர் மயில்வாகனன் நடராஜன் போன்றவர்கள் நோயாளியின் அளவுக்கு இதைச் செய்து வைத்துக் கால்களைக் காப்பாற்றினார்கள். அதனால்தான் இன்று எங்களைப் போன்றவர்களுக்கும் எட்டும் விலையில் கிடைக்கிறது.

மயக்க மருந்து டாக்டர் முன்கூட்டியே வந்து அப்பாவின் ஞாபகம், சாப்பாடு, ஏற்கெனவே எவ்வளவு நடந்துகொண்டிருந்தார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். ஆபரேஷன் முடிந்த அன்று ராத்திரி அப்பா டிக்கெட் டிக்கெட் என்று கத்தி டியூபை இழுக்கப் பார்த்தார். பயந்துபோனேன். சிஸ்டர் நிதானமாக, வயதானவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பின் இப்படிக் குழப்பம் வருவது உண்டு, கட்டிப்போட மாட்டோம், நீங்கள் பக்கத்திலேயே இருந்து பேசுங்கள், அவருடைய கண்ணாடியை மாட்டிவிடுங்கள், கடிகாரம் கண்ணில் படும்படி வையுங்கள் என்றார். இரண்டு நாளில் சரியாகிவிட்டது. இரண்டாம் நாளே வாக்கர் கொடுத்து நிற்க வைத்தார்கள். ரத்தம் இரண்டு யூனிட்டோடு முடிந்தது.

பிசியோதெரபி பெண் தங்கமானவர். ஆனால் இடுப்பு மூட்டு மாற்றியவர் குத்த வைக்கக்கூடாது, தரையில் உட்காரக்கூடாது என்று அவர் படித்துப் படித்துச் சொல்கிறார், அந்த வார்டின் நான்கு கழிப்பறைகளில் மூன்று தரையோடு இருக்கிற இந்தியன் டாய்லெட். கைப்பிடிக் கம்பியும் இல்லை. மீதி ஒன்றுக்குக் காலை ஐந்து மணியிலிருந்து வரிசை. நாங்கள் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போனோம். நீங்களும் வாங்கிக்கொண்டு போங்கள்.

ஆறு வாரம் கழித்துச் சிறுநீரகத்தையும் எடுத்தார்கள், அதில் சிக்கல் எதுவும் வரவில்லை. பிறகு புற்றுநோய்க்கான பாசோபானிப் மாத்திரை. வெறும் வயிற்றில்தான் போட வேண்டும். பிரஷர் ஏறுகிறது, பேதி வருகிறது, மீசை பாலாக வெளுத்துவிட்டது. ஈரல் டெஸ்ட் அடிக்கடி எடுக்கிறார்கள். எலும்பு ஊசியைத் தொடர்வதற்கு முன் பல் டாக்டரிடம் அனுப்பினார்கள். இந்த ஊசி நடக்கும்போது பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாமாம். அப்பாவுக்கு ஆடிக்கொண்டிருந்த ஒரு கடைவாய்ப் பல்லை எடுத்து, புண் ஆறிய பிறகே அடுத்த ஊசி போட்டார்கள்.

இரண்டு ஆபரேஷன், ஸ்கேன்கள், படுக்கை எல்லாம் சேர்த்து எங்களுக்கு 5,40,000 ரூபாய் ஆயிற்று. உலோக எலும்பு மட்டும் 1,35,000. மாத்திரைச் செலவு தனி. மூன்று பில்களில் ஒரே டெஸ்ட்டை இரண்டு முறை போட்டிருந்தார்கள். கேட்டதும் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் கேட்க வேண்டியிருந்தது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உள்ளவர்களுக்குத் தரைத்தளத்தில் தனிக் கவுண்டர் இருக்கிறது. அட்மிஷனுக்கு முன்பே அங்கே போய்விடுங்கள், பின்னால் போனால் அலைய வேண்டியிருக்கும்.

போகிறவர்கள் பழைய எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாவற்றையும் படமாகவே எடுத்துப் போங்கள். வெறும் ரிப்போர்ட் காகிதத்தை அவர்கள் பார்ப்பதில்லை. ஏற்கெனவே எங்காவது பயாப்சி எடுத்திருந்தால் அந்தக் கண்ணாடி ஸ்லைடையும் திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்கிப் போங்கள். கொடுக்கும் வரை நகராதீர்கள். தூரத்திலிருந்து வருகிறவர்களுக்குப் பின்கேட்டுக்கு எதிரே அறக்கட்டளை விடுதியில் ஒரு நாளைக்கு 150 ரூபாயில் படுக்கை கிடைக்கும்.

அப்பா இப்போது ஒற்றைக் கம்போடு நடக்கிறார். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு வரை போய், டெப்போ ஆட்களோடு டீ குடித்துவிட்டு வருவார். கால் கொஞ்சம் சாய்கிறது. இரவில் தூங்குகிறார். போன மாத ஸ்கேனில் நுரையீரலில் இரண்டு சின்னப் புள்ளிகள் புதிதாகத் தெரிகின்றன. மாத்திரையை மாற்றுவதா, இன்னும் இரண்டு மாதம் பார்ப்பதா என்று இந்த வியாழக்கிழமை எல்லோரும் உட்கார்ந்து பேசுவார்கள். அப்பாவும் உள்ளே இருப்பார். டோக்கன் எடுத்துவிட்டேன், 17.